தொலைநோக்கு, தூரப்பார்வை, கண்ணோட்டம்: ஒரு 'பார்வை'க்குள் எத்தனை?

முன்றில் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்கு ஒரு பலகை எழுதப் போகிறார்கள். "எங்கள் தொலைநோக்குப் பார்வை" என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் அந்தத் தலைப்பே இடிக்கிறது. சரி, பழைய தமிழில் இதை எப்படிச் சொன்னார்கள் என்று குறளைப் புரட்டினேன்.

எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை
அதிர வருவதோர் நோய் (429)

வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர்
வைத்தூறு போலக் கெடும் (435)

முன்னுறக் காவாது இழுக்கியான் தன்பிழை
பின்னூறு இரங்கி விடும் (535)

அறிவுடைமை, குற்றங்கடிதல், பொச்சாவாமை என்று மூன்று வேறு அதிகாரங்கள். மூன்றிலும் ஒரே வினைதான்: காத்தல். வருவதை முன்கூட்டியே 'பார்க்கிறவன்' எங்கும் இல்லை. வருமுன் காக்கிறவன்தான் இருக்கிறான். வைக்கோற்போருக்குப் பக்கத்தில் தீ இருக்கிறது என்று தெரிய எந்தத் தொலைநோக்கும் வேண்டாம், எடுத்து அப்பால் போட்டால் போதும் என்பது போல.

ஆகவே என் கட்சி இது: எதிர்காலத்தைக் கண்ணோடு கட்டிப்போட்டது பிற்காலத்துப் பழக்கம். பழைய தமிழ் அதைக் கையோடுதான் கட்டியது. மறுக்கிறவர்கள் மேற்கோளோடு வாருங்கள்.

கூடல்வாசி

கட்சி கிடக்கட்டும், முதலில் அந்தத் தலைப்பில் இருக்கும் 'பார்வை'யை எடுங்கள். நோக்கு என்றாலே பார்வைதான். 'நடுசென்டர்', 'கேட்வாசல்' வரிசையில் சேர வேண்டிய சொல் 'தொலைநோக்குப் பார்வை'. 2012இல் தமிழக அரசு வெளியிட்ட ஆவணத்துக்குக்கூட 'தொலைநோக்குத் திட்டம் 2023' என்றுதான் பெயர். அரசாங்கமே சிக்கனமாக இருந்த இடத்தில் வாசகர் வட்டம் எதற்கு ஊதாரித்தனம் செய்ய வேண்டும்?

கண்ணாடிக்கடை

தொழில் ரீதியாக ஒரு எச்சரிக்கை. 'தொலைநோக்கு' பழசாகிவிட்டது என்று 'தூரப்பார்வை' என்று மாற்றிவிடாதீர்கள். மேடையில் ஒருவர் "நம் தலைவரின் தூரப்பார்வை" என்று முழங்கியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் கடையில் அதற்குக் கண்ணாடி போடுவோம்.

கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டும் குறைகள். கண்கோளம் கொஞ்சம் நீண்டிருந்தால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும். கிட்டே தெரியும், தூரத்தில் மங்கும். அது கிட்டப்பார்வை, மைனஸ் பவர், குழிலென்ஸ். கோளம் குட்டையாக இருந்தால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போகும். தூரம் பரவாயில்லை, கிட்டே தெரியாது. அது தூரப்பார்வை, பிளஸ் பவர், குவிலென்ஸ். எது தெரிகிறதோ அதன் பெயரைக் குறைக்கு வைத்திருக்கிறார்கள். இதனாலேயே கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தலைகீழாகச் சொல்வார்கள். "எனக்குத் தூரப்பார்வை சார்" என்பார். சோதித்தால் தூரத்துப் பலகைதான் தெரியாது.

இன்னொரு சங்கதி. சின்னப் பிள்ளைகளுக்குத் தூரப்பார்வை இருந்தால் பல சமயம் வெளியே தெரியவே தெரியாது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளசாக இருப்பதால் வளைந்து கொடுத்துச் சமாளித்துவிடும். பிள்ளை தலைவலி என்று மட்டும் சொல்லும், வாசிக்கப் பிடிக்காமல் புத்தகத்தைத் தள்ளும். வீட்டில் சோம்பேறிப் பட்டம் கிடைக்கும்.

நாற்பதுக்கு மேல் வருவது வேறு. லென்ஸ் இறுகிவிடுகிறது, கிட்டே இருப்பதற்கு வளைய மாட்டேன் என்கிறது. அதற்குத் தமிழில் 'வெள்ளெழுத்து' என்று அருமையான பெயர் உண்டு. எழுத்து வெளுத்துப் போய்விடுகிறதாம். பழைய ஆட்கள் 'சாளேசரம்' என்பார்கள். இந்துஸ்தானியில் சாலீஸ் என்றால் நாற்பது. வயதையே வியாதிக்குப் பெயராக்கிவிட்டார்கள்!

கோப்பு

நான் அரசு அலுவலகம். எங்கள் கடிதங்களில் முதலில் 'பொருள்:' என்று ஒரு வரி, அதன் கீழ் 'பார்வை:' என்று ஒரு வரி வரும். பார்வை என்றால் ஏற்கெனவே வந்த கடிதங்களின் எண்ணும் நாளும். "பார்வை 2இல் காணும் கடிதத்தில் கோரியுள்ளபடி..." என்று எழுதுவோம். ஆக எங்களுக்குப் பார்வை என்பது முழுக்கப் பின்பக்கம் பார்ப்பது. எதிர்காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேண்டுமானால் ஒரு நினைவூட்டுக் கடிதம் போடலாம்.

சூத்திரம்

தம்பி முன்றில், மேற்கோள் கேட்டீர்கள். வினைசெயல்வகையைப் பார்க்காமல் கட்சி கட்டிவிட்டீர்களே.

முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும்
படுபயனும் பார்த்துச் செயல் (676)

ஒரு காரியம் எப்படி முடியும், நடுவில் என்ன தடை வரும், முடிந்த பிறகு என்ன கிடைக்கும், மூன்றையும் 'பார்த்து'ச் செய் என்கிறார். இதைவிடத் தெளிவான முன்யோசனை வேறு என்ன இருக்கிறது? காலமறிதலிலும் இருக்கிறது:

பொள்ளென ஆங்கே புறம்வேரார் காலம்பார்த்து
உள்வேர்ப்பர் ஒள்ளி யவர் (487)

கோபத்தை வெளியே காட்டாமல் தக்க காலம் வரும்வரை உள்ளேயே வைத்திருப்பவர்கள். காலத்தைத்தான் 'பார்க்கிறார்கள்'. 'பார்' என்ற வினை கண்ணை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. தெருவில் பிள்ளை ஓடினால் "பார்த்துப் போ" என்கிறோம். எதைப் பார்க்க? இனிமேல் வரக்கூடிய கல்லை, மாட்டை, சைக்கிளை. வேலை பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம். சாப்பிட்டுப் பார்க்கிறோம். "விழப் பார்த்தான்" என்றால் விழவே இல்லை.

முன்றில்

ஐயா, 676ஐ ஏற்கிறேன், வலுவான மேற்கோள். ஆனால் அதுவே என் பக்கமும் கொஞ்சம் பேசுகிறது. அங்கே பார்க்கப்படுவது எது? கையில் எடுத்த அதே காரியத்தின் முடிவு. முற்றியாங்கு எய்தும் பயன். பார்வை அந்த வினையின் எல்லையைத் தாண்டவில்லை. 487இலும் ஆள் ஒரே இடத்தில் நிற்கிறான், காலம் அவனிடம் வருகிறது. 'தொலை' என்ற ஒன்று இரண்டிலும் கிடையாது.

யோசித்தால் தமிழில் எதிர்காலம் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வருங்காலம். எதிர்காலம். எதிர் என்றால் முகத்துக்கு நேரே; எதிரில் வரும் பேருந்து போல. 'எதிரதாக் காக்கும்' என்பதில் இருப்பதும் அந்த எதிர்தான். நாம் நிற்கிறோம், அது வருகிறது, வருவதற்குள் வேலியை அடை. 'தொலைநோக்கு' இந்தப் படத்தையே மாற்றிவிடுகிறது. எதிர்காலம் எங்கோ தூரத்தில் அசையாமல் நிற்கிறது, நாம் குன்றின் மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்றாகிறது.

போதாக்குறைக்குத் தொலை என்றாலே தமிழில் காணாமல் போவது. "தொலைந்து போ" என்று திட்டிவிட்டு அந்தச் சொல்லையே பலகையில் எழுதச் சொல்கிறார்கள்.

கூடல்வாசி

அப்படியானால் தொலைபேசியும் தொலைக்காட்சியும்?

முன்றில்

தொலைக்காட்சி விஷயத்தில் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் ரிமோட்டைத் தவிர எல்லாமே அதில் தொலைகிறது.

வல்லைவெளி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது கனடா. சூத்திரம் ஐயா 'பார்'ஐப் பற்றிச் சொன்னார், நான் 'காண்'ஐப் பற்றிச் சொல்லுகிறேன். எங்கட பக்கத்தில் "காணும்" என்றால் போதும். சோறு போடப் போட "காணும், காணும்" என்று கையை மறிப்போம். "காணாது" என்றால் போதாது. சென்னையில் ஒரு வீட்டில் சாப்பிடும்போது "சாம்பார் காணாது" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா சட்டியைத் தேடத் தொடங்கிவிட்டா.

"கண்டறியாத" என்றும் ஒன்று இருக்கிறது. எழுத்துப்படி ஒருவரும் கண்டிராத அபூர்வம். பேச்சில் "கண்டறியாத கதை கதைக்காதை" என்றால் உன் வெட்டிப் பேச்சை நிப்பாட்டு என்று அர்த்தம்.

பார்வைக்கும் எங்கட ஊரில் இன்னொரு வேலை உண்டு. பிள்ளை பயந்து போனால், காய்ச்சல் விடாமல் அடித்தால், "பார்வை பார்க்கக்" கொண்டு போவார்கள். மந்திரம் சொல்லித் திருநீறு போட்டு நூல் கட்டி விடுவார்கள். நாவூறு என்றால் அதற்குத் தனியாகப் பார்ப்பது. ஒருவர் பார்த்ததால் வந்த தோஷம், இன்னொருவர் பார்த்துத்தான் போகும்.

சூத்திரம்

வல்லைவெளி சொன்ன கடைசி வரியைக் காமத்துப்பாலில் கேட்டிருக்கிறோமே. "இருநோக்கு இவளுண்கண் உள்ளது ஒருநோக்கு நோய்நோக்கொன்று அந்நோய் மருந்து" (1091). ஒரே கண்ணில் நோயும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அதிகாரத்தின் பெயர் குறிப்பறிதல். அதே பெயரில் பொருட்பாலிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது, எழுபத்தொன்றாவது. அங்கே அமைச்சன் அரசன் முகத்தைப் பார்த்து மனத்தை அறிகிறான், இங்கே காதலன் காதலியின் கண்ணைப் பார்த்து அறிகிறான். குறளில் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

நோக்கு என்பது தொல்காப்பியத்தில் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாகவும் வருகிறது. "மாத்திரை முதலா அடிநிலை காறும் நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே." கேட்டவனைத் திரும்ப நின்று பார்க்க வைக்கிற தன்மை. பாட்டுக்கும் நோக்கு உண்டு.

மெழுகுத்திரி

திருஷ்டியை யாரும் தொடவில்லையே. கல்யாண வீட்டில் பூசணிக்காய் உடைத்துக் கழிப்பதும் திருஷ்டி, முனிவர் முக்காலமும் அறிவதும் ஞானதிருஷ்டி. வடமொழியில் வெறும் பார்வை. தமிழில் தனியாக நின்றால் கெட்டது, முன்னால் ஞானம் சேர்ந்தால் நல்லது.

தமிழ் பைபிளில் இதற்கு ஒரு சுவாரசியமான இடம் இருக்கிறது. 1 சாமுவேல் 9:9. சவுல் காணாமற்போன கழுதைகளைத் தேடிக்கொண்டு போகிறான், வேலைக்காரன் தேவனுடைய மனுஷன் ஒருவரிடம் கேட்கலாம் என்கிறான். நடுவில் கதையை நிறுத்திவிட்டு ஒரு விளக்கம் வருகிறது: "இந்நாளிலே தீர்க்கதரிசி எனப்படுகிறவன் முற்காலத்திலே ஞானதிருஷ்டிக்காரன் என்னப்படுவான்." எபிரேயத்தில் முதல் சொல் நாபி, இரண்டாவது ரோஎ. ரோஎ என்றால் பார்க்கிறவன், நாபிக்கும் பார்வைக்கும் தொடர்பில்லை. தமிழாக்கியவர்கள் நாபிக்கும் 'தரிசி' என்று கண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

முன்றில் தோழரே, உங்கள் கட்சிக்கு இது இடைஞ்சல். தீர்க்கம் என்றால் நீளம். தீர்க்கதரிசி என்றால் நீளப் பார்க்கிறவன். 'தொலைநோக்கு' அதற்குத் தமிழ் வேட்டி கட்டியதுதான். நீங்கள் நினைப்பது போல நேற்றுப் பிறந்த படம் இல்லை அது.

முன்றில்

வடமொழியையே எடுத்துக்கொள்வோம். பஞ்சதந்திரத்தில் மூன்று மீன்கள் வருகின்றன. குளத்துக்கு வலைகாரர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் மீன் வாய்க்கால் வழியே போய்விடுகிறது, இரண்டாவது வலையில் மாட்டியபின் செத்தது போல நடித்துத் தப்பிக்கிறது, மூன்றாவது "வந்தது வரட்டும்" என்று இருந்து சாகிறது. முதல் மீனின் பெயர் அநாகதவிதாதா. அநாகதம் என்றால் இன்னும் வராதது. விதாதா என்றால் ஏற்பாடு செய்கிறவன். பெயரில் கண்ணே இல்லை. 'வருமுன் காப்பான்' என்று அப்படியே தமிழாக்கலாம். முன்யோசனைக்காரனுக்குக் கதை சொல்லி வைத்த பெயர் அது. தீர்க்கதரிசி பெரும்பாலும் முனிவரோடும் வரத்தோடும் வருகிறவர். மீனுக்கு வரம் கிடையாது, வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கடை

மீனுக்கு இமையும் கிடையாது. எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படியும் மூன்றில் ஒன்று செத்தது.

கொழுந்துக்கூடை

இலக்கியம் நன்றாகப் போகிறது. நான் வேறு ஒரு கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குடும்பம் மலையகத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. கண்காணி என்பது பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைக் கண்காணி செய்கிறவர்கள் வருகிறார்கள். திருமந்திரத்தில் அது கடவுளுக்கே பெயர்: "கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார், கண்காணி இல்லா இடமில்லை." இந்தச் சொல் கப்பலேறி இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் போனபோது கங்காணி ஆயிற்று.

கங்காணி ஊருக்கு வந்து ஆள் திரட்டுவார், முன்பணம் கொடுப்பார், அந்தக் கடன் தோட்டம்வரை கூடவே வரும். அவர் திரட்டிய ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அதற்குத் தக்கபடி அவருக்குத் தனிக் காசு. இலங்கையில் பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். மலாயாவுக்கு இந்த முறையில் ஆள் போவது 1938இல் இந்திய அரசு போட்ட தடையோடு நின்றது. இங்கே 'பார்த்தல்' என்றால் எண்ணுதல். தலை எண்ணுவது.

எல்லோரும் பார்வை என்றால் அறிவு, அன்பு, மருந்து என்கிறீர்கள். பார்க்கப்படுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சூத்திரம்

கொழுந்துக்கூடை, நல்ல இடத்தில் தொட்டீர்கள். அந்தக் கங்காணியிடம் இல்லாதது எது என்று கேட்டால் குறள் ஒரே சொல்லில் சொல்லும்: கண்ணோட்டம்.

இன்றைக்குக் கண்ணோட்டம் என்றால் ஒருவருடைய கருத்து நிலை. "பொருளாதாரக் கண்ணோட்டத்தில்", "என் கண்ணோட்டத்தில்" என்று எழுதுகிறோம். வள்ளுவருக்கு அது இரக்கம். பழகியவர்கள் மேல் கண் ஓடும்போது அவர்கள் கேட்டதை மறுக்க முடியாமல் போகிறதே, அந்தத் தன்மை. தாட்சணியம் என்று பேச்சில் சொல்வோம்.

பண்என்னாம் பாடற்கு இயைபின்றேல் கண்என்னாம்
கண்ணோட்டம் இல்லாத கண் (573)

இரண்டு குறள் தள்ளிப் போனால் அப்படிப்பட்ட கண்ணைப் 'புண்' என்றே சொல்லிவிடுகிறார். படிக்காதவன் முகத்தில் இருப்பதும் புண் (393), இரக்கமில்லாதவன் முகத்தில் இருப்பதும் புண் (575).

அந்த அதிகாரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். அறத்துப்பாலில் இல்லை, அரசியலில். ஐம்பத்தெட்டாவது. அதற்கு அடுத்தது ஒற்றாடல், முதல் குறளே ஒற்றனை 'மன்னவன் கண்' என்கிறது. ஒரு கண் இரங்குவதற்கு, அடுத்த கண் வேவு பார்ப்பதற்கு. கொழுந்துக்கூடையின் தாத்தாக்களுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டாவது கண் மட்டும்.

கூடல்வாசி

ஐயா, இந்தக் கண்ணோட்டம் எப்போது மாறியது?

சூத்திரம்

செய்தித்தாளும் மேடையும் பெருகியபோது 'கோணம்', 'நிலைப்பாடு' போன்றவற்றுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர்கள் 58ஆம் அதிகாரத்தைப் 'பல கோணங்களில் சிந்தித்தல்' என்று விளக்கி எழுதியதைத் திருத்திய அனுபவம் உண்டு.

பார்வை என்ற சொல்லே சங்க காலத்தில் என்னவாக இருந்தது தெரியுமா? வேட்டைக்காரன் மற்ற மான்களை வரவழைப்பதற்காகப் பழக்கிக் கட்டி வைக்கும் மானுக்குப் பார்வை என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் (வேட்டுவர்) குடிசை முன்னால் விளாமரத்தில் 'பார்வை' கட்டியிருக்கிறது. புறநானூறு 320இல் அதைவிட அழகாக. வேட்டுவன் அசந்து தூங்குகிறான். கட்டிப்போட்ட 'பார்வை மடப்பிணை'யோடு, அந்தப் பெண்மானோடு, காட்டிலிருந்து ஒரு கலைமான் தானாக வந்து விளையாடுகிறது. பிடிக்க வேண்டிய நேரம் அதுதான். அவன் மனைவியோ கணவன் விழித்துக்கொள்வான், மான் விலகிவிடும் என்று அஞ்சி ஒரு சத்தமும் செய்யாமல் நிற்கிறாள். மான்தோலில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழி வந்து தின்கிறது, அதையும் விரட்டவில்லை.

கோப்பு

ஆக 'தலைவரின் பார்வை' என்றால் நம்மைப் பிடிப்பதற்குக் கட்டி வைத்த மான் என்று பொருள் கொள்ளலாமா?

நெறியாளர்

இதற்கு வந்த நான்கு பதில்களை நீக்கியிருக்கிறேன். கட்சிப் பெயர்கள் வேண்டாம்.

மெழுகுத்திரி

காட்சி பாக்கி இருக்கிறது. சமணத்தில் மும்மணிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். முதலில் வருவது காட்சி. சைவ சித்தாந்தத்திலும் அளவைகளில், அதாவது ஒன்றை அறியும் வழிகளில், முதலாவது காண்டல், பிறகுதான் கருதலும் (ஊகித்து அறிவது) உரையும் (அறிந்தவர் சொல்லக் கேட்டு அறிவது). இன்றைக்குக் காட்சி என்றால் சினிமாவில் மதியம் இரண்டரை மணி. புறநானூற்றில் அந்தப் புகழ்பெற்ற 'யாதும் ஊரே' பாட்டில் (192) உயிர் ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல முறைவழியே போகும் என்பதைத் "திறவோர் காட்சியின் தெளிந்தனம்" என்கிறார் கணியன் பூங்குன்றனார். வாழ்க்கை போகும் திசையையே காட்சி என்கிறாரே. இது முன்றிலின் கட்சியை முடித்துவிடவில்லையா?

முன்றில்

முடித்துவிடுமோ என்றுதான் நானும் பார்த்தேன். ஆனால் அந்தப் பாட்டில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? தெப்பத்தில் இருப்பவருக்கு அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நீர் எப்படி ஓடும் என்ற பொது விதிதான் தெரியும். அதனால்தான் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று முடிகிறது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தவர் பேச்சு அப்படி இருக்காது.

சூத்திரம்

அதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 'தெளிந்தனம்' என்பது நாம், காட்சி திறவோருடையது. பழைய உரைகாரர் அந்தக் 'காட்சி'க்குத் திறவோர் கூறிய நூல் என்று பொருள் கொள்கிறார். கண்டவர்கள் அவர்கள், நாம் வாசித்துத் தெரிந்துகொண்டோம். மெழுகுத்திரி சொன்ன வரிசைப்படி பார்த்தால் பாடியவருக்கு அது காண்டல் இல்லை, உரை.

மெழுகுத்திரி

ஐயா, உரைகாரர் சொன்னதை நீங்கள் எடுத்துச் சொல்லி நாங்கள் தெரிந்துகொண்டதையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நூல் என்றே சொல்ல நினைத்திருந்தால் பூங்குன்றனார் அந்தச் சொல்லையே போட்டிருப்பாரே, காட்சி என்று ஏன் போட்டார்? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.